பெயர் போடாத சீட்டுகள்

பிறருடைய கஷ்டத்தைக் கேட்டு, இரண்டு வரிக்குள் அடக்கி, பிழையில்லாமல் எழுதிக் கொடுப்பதுதான் என் உத்தியோகம்.

பெங்களூர் கண்டோன்மெண்டில் ஒரு தமிழ்ச் சபையின் அலுவலகத்தில் மூன்று வருஷமாக எழுத்தராக இருக்கிறேன். பி.ஏ. முடித்ததும் எல்லாரும் டீச்சர் வேலைக்குத்தான் போகச் சொன்னார்கள். நாற்பது பிள்ளைகள் ஒரே சமயத்தில் என்னைப் பார்ப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சபை அலுவலகத்தில் ஒருவர் எழுந்துபோன பிறகுதான் அடுத்தவர் வருவார். அவரும் தன் கவலையில் குனிந்தபடி இருப்பார். எனக்கு அதுதான் தோதாக இருந்தது.

ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் இவற்றுக்குப் பதிவேடு எழுதுவது வாரநாள் வேலை. சனிக்கிழமை ஜெபச் சீட்டு. ஜெபிக்க வேண்டிய காரியத்தை வந்து சொல்வார்கள், நான் எழுதுவேன். மறுநாள் ஆராதனையில் ஐயர் ஒவ்வொன்றாக வாசிப்பார். (எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.) ஒவ்வொரு சீட்டுக்கும் சபையார் ஆமென் சொல்வார்கள். சீட்டில் பெயர் போடக்கூடாது என்பது கண்டிப்பான விதி. ஒரு சகோதரி, ஒரு சகோதரர், ஒரு குடும்பத்தார் என்ற மூன்றுக்குள் எங்கள் சபை முழுவதும் அடங்கிவிடும்.

வீட்டில் அப்பா. கோலார் தங்கவயலில் இருபத்தாறு வருஷம் பூமிக்கடியில் கல் உடைத்தவர். அந்தத் தூசி நெஞ்சிலேயே தங்கிவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அம்மா போய்விட்டாள். சர்வீஸ் முடிந்ததும் அப்பா அல்சூரில் நான் எடுத்திருந்த ஒற்றை அறைக்கு வந்துவிட்டார். ஒரு நாள் டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, இந்த நெஞ்சுக்கு இனி மருந்து இல்லை, அடுத்த குளிரைத் தாண்டினாலே பெரிய காரியம் என்றார். அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரு சீட்டு எழுத நினைப்பேன். எழுதாமல் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறவர்கள், வாய் திறந்து கேட்கக் கூசுகிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களிடம் சொன்னால் ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள்.

துரை வீட்டுச் சமையல்காரர்

வேலைக்குச் சேர்ந்த முதல் சனிக்கிழமை வந்தவர், ஒரு வெள்ளைக்கார துரை வீட்டில் சமையல் செய்தவர். துரை வீட்டார் பங்களாவைக் காலி செய்துவிட்டுக் கப்பலேறிவிட்டார்கள். புதிதாக வந்தவர்கள் வீட்டில் அவருடைய சமையலுக்கு வேலை இல்லை. இஸ்திரி போட்ட பழைய கோட்டு போட்டிருந்தார். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

“எழுதுங்கம்மா,” என்றார். “ஆண்டவரே, பன்னெண்டு வருஷம் புட்டிங் செஞ்ச கை இது. இப்போ சும்மா கெடக்குது. சும்மா கெடந்து கெடந்து, சாயங்காலம் ஆனா தானா நடுங்குது. அதைக் கொஞ்சம் பாரும்.”

ஐயர் வாசிக்கும் இடத்தில் புட்டிங் என்ற பலகாரப் பெயர் வரலாமா என்று எனக்குச் சந்தேகம். கொஞ்சம் யோசித்து, “ஒரு சகோதரர் தமக்கு ஏற்றதொரு வேலை கிடைக்கும்படி சபையாரின் ஜெபத்தைக் கேட்கிறார்” என்று எழுதினேன். அழகாக வந்திருக்கிறது என்று உள்ளுக்குள் பெருமை. அவருக்கு வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டிக் கேட்டார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

“நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா அது யாரோ வேற ஆளு.”

ஒரே வீட்டின் இரண்டு சீட்டுகள்

இது ஒன்றுதான் சிரிக்கும்படியாக நடந்தது. காலையில் ஒரு மருமகள் வந்து, தன் மாமியாரின் கல்மனம் கரைய ஜெபிக்க வேண்டும் என்றாள். அவள் போன அரை மணியில் அந்த மாமியாரே வந்து, தன் மருமகளுக்குப் பணிவுள்ள இருதயம் வேண்டும் என்றார். இருவருக்கும் மற்றவர் வந்தது தெரியாது. விதிப்படி நானும் சொல்லவில்லை.

பெயர் இல்லாமல்தான் எழுதினேன். ஆனால் ஐயர் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தார். பெண்கள் பக்கத்தில் எல்லாத் தலையும் ஒரே வரிசையைப் பார்த்துத் திரும்பின. அந்த வரிசையில் இருவரும் ஒரே பாட்டுப் புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சண்டைக்கு வரப்போகிறார்கள் என்று திங்கட்கிழமை நான் பயந்துகொண்டே இருந்தேன். மாமியார் வந்தார். அவருக்கு இருந்த வருத்தம் வேறு.

“என் சீட்டையில்ல மொதல்ல வாசிச்சிருக்கணும்? ஆண்டவர்கிட்டயும் அவ முந்திக்கிட்டாளே!”

மூன்றாவது ஓலை

கல்யாண அறிவிப்பை எங்களில் ஓலை என்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவதற்கு முந்தின நாள் அவள் தனியாக அலுவலகத்துக்கு வந்தாள். என் வயதுதான் இருக்கும். காலேஜில் பார்த்த முகம் போலக்கூட இருந்தது.

“நாளைக்கு வாசிக்க வேணாம்னு அவங்க வீட்டுல சொல்லிட்டாங்க,” என்றாள். பெண்ணின் அம்மா எப்போதோ காசநோய்க்குச் சானடோரியத்தில் இருந்தது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிட்டதாம். வீட்டில் யாருக்கும் இங்கே வந்து சொல்லத் தைரியம் இல்லை. அதனால் அவளே வந்திருக்கிறாள். இரண்டு வாரம் எல்லாரும் கேட்ட பெயர் நாளைக்கு வாசிக்கப்படாது. அந்த நேரத்தில் அவள் எந்த வரிசையில் உட்காருவாள் என்று நான் யோசித்தேன்.

ஒரு ஜெபச் சீட்டு எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். நான் ஓலைப் பதிவேட்டைத் திறந்து பேனாவை எடுத்தேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

“கோடு மட்டும் ஸ்கேல் வெச்சு நேரா போடுங்க. கிறுக்கி அடிச்ச மாதிரி வேணாம்.”

அப்பா வேண்டாம் என்றார்

மழைக்காலம் முடிந்து குளிர் ஆரம்பித்தது. அப்பாவால் படுக்க முடியவில்லை. சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தே இருப்பார். பேச ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டுதான் முடிப்பார். ஒரு நாள் மத்தியானம் கஞ்சி கொடுக்க வந்தபோது, எப்படியோ தைரியம் வந்து, “சபையில உங்களுக்காக ஒரு சீட்டு வாசிக்கச் சொல்லட்டுமாப்பா?” என்று கேட்டுவிட்டேன்.

அப்பா பக்திமான்தான். சுரங்கத்துக்குள் இறங்கும் கூண்டில் ஏறும்போது ஒரு நாளும் ஜெபிக்காமல் ஏறியதில்லை என்பார். ஆனால் தன்னைப் பற்றி நாலு பேர் பேசுவது அவருக்குப் பிடிக்காது. என் கூச்சம் அவரிடமிருந்து வந்ததுதான். கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு, மூச்சு வரும்வரை காத்திருந்து சொன்னார்.

“ஆண்டவருக்கு என் வெலாசம் தெரியும் கண்ணு. நீ எதுக்கு சும்னே தபால் போடறே?”

வைக்கட்டுமா, எடுக்கட்டுமா

அப்பாவுக்குத் தெரியாமல் போட்டேன். ஒரு சனிக்கிழமை எல்லாரும் போன பிறகு, “மூச்சுத் திணறலால் வருந்தும் தன் தகப்பனாருக்குச் சுகமும் பெலனும் கிடைக்கும்படி ஒரு சகோதரி ஜெபிக்கக் கேட்கிறாள்” என்று எழுதினேன். ஊருக்கெல்லாம் எழுதிய கை, அந்த ஒரு சீட்டுக்கு மூன்று தாளைக் கிழித்தது. எல்லாச் சீட்டும் என் கையெழுத்துதான். அதனால் எது என்னுடையது என்று யாருக்கும் தெரியாது.

கோயிலைத் திறந்து, மணியடித்து, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ஆசீர்வாதம்தான் சீட்டுகளை ஐயரின் மேஜைக்குக் கொண்டுபோவார். வாராவாரம் திரும்ப வாசிக்க வேண்டிய சீட்டுகளுக்கு ஒரு காக்கி உறை உண்டு. என் சீட்டும் அந்த உறைக்குள் போனது. காரியம் முடிந்துவிட்டது என்று எழுத்தர் சொன்னால்தான் ஒரு சீட்டை உறையிலிருந்து எடுக்கலாம். அவராக எதையும் எடுக்க மாட்டார். ஆகையால் ஒவ்வொரு சனிக்கிழமையும் உறையைப் பிரித்து, ஒவ்வொன்றாக என்னிடம் கேட்பார். இடுப்புவலி சகோதரர்? எடுத்துடுங்க, நடக்கிறார். பரீட்சை சகோதரி? எடுத்துடுங்க, பாஸ் பண்ணிட்டா. அப்புறம் என்னுடையது வரும். நான் மேஜையில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டே, “வையுங்க,” என்பேன். பத்து வாரம் இப்படிப் போயிற்று.

“இந்த மூச்சுத்திணறல் அப்பா ஒருத்தர்தாம்மா வாராவாரம் அப்படியே நிக்கிறார். வைக்கட்டுமா, எடுக்கட்டுமா?”

சலோமி அக்கா

சலோமி அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலை. நாற்பது வயதிருக்கும். அவளும் தங்கவயல்காரிதான். புருஷன் பம்பாய்க்கு வேலைக்கென்று போய் ஏழு வருஷம் ஆகிறது. கடிதம் கிடையாது. சனிக்கிழமை தவறாமல் வந்து, புருஷன் திரும்பி வர ஜெபம் என்று எழுதச் சொல்வாள். உறைக்குள் போட்டு வைத்தால் போதும், வாராவாரம் வர வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். “வந்து கேக்கறதுதான் கேக்கறது. பொட்டியில போட்டுட்டுப் போறது இன்னா கேக்கறது?” என்றாள்.

ஒரு வாரம் வந்தவள், தன் சீட்டை எழுத வேண்டாம் என்றாள்.

“இந்த வாரம் அந்த ஆளு கெடக்கட்டும். வாராவாரம் ஒரு பொண்ணு அவங்க அப்பனுக்கு மூச்சுக்கு ஜெபம் கேக்குதே, அந்தப் பொண்ணுக்கு எழுது. நாம எல்லாரும் அப்பனுக்கு ஆமென் சொல்றோம். பக்கத்துல உக்காந்து அந்த மூச்சைக் கேட்டுக்கினு கீறவ அவதானே? அவளுக்கு யாரு சொன்னா? எங்க நைனாவும் அப்படித்தான் போனாரு. அந்த சத்தம் எனக்குத் தெரியும். எழுது பாப்பா.”

எழுத ஆரம்பித்தேன். ‘ஒரு சகோதரி’ என்று எழுதினேன். அதற்கு மேல் போகவில்லை. எந்தச் சகோதரி யாருக்காகக் கேட்கிறாள் என்று எழுதுவது? அது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே, ஒரு எழுத்து மாற்றாமல் எழுதி முடித்தேன். அலங்காரமாக எழுத அன்று எனக்குச் சக்தி இல்லை என்பதுதான் காரணம். சலோமி அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தாளைப் பார்த்தாள்.

“இன்னா இது, கோழி கிளறின மாதிரி கீது? காலையில எதுனா சாப்ட்டியா நீ?”

பால் கட்டிய பெண்

மறுநாள் அந்தச் சீட்டை ஐயர் வாசித்தார். கொஞ்சம் தடுமாறினார். ஆனாலும் சலோமி அக்காவின் வார்த்தைகளை அப்படியே வாசித்தார். முந்நூறு பேர் எனக்கு ஆமென் சொன்னார்கள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தேன். அதுவரை சீட்டு எழுதுவதை ஜெபம் என்று நினைத்திருந்தேன். உண்மையில் என் பயத்தை ஆண்டவர் கண்ணில் படாதபடி அழகான வார்த்தைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தேன். அன்று யாரோ அந்தத் திரையை விலக்கிவிட்டது போல இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, சும்மா அழவும் முடிந்தது.

அடுத்த வாரம் மில்லில் வேலை செய்யும் ஒரு பெண் வந்தாள். குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டது. மூன்று மாதத்துக்கு முன்பு என்றால், “ஒரு சகோதரி புத்திரசோகத்தில் ஆறுதல் வேண்டுகிறாள்” என்று எழுதியிருப்பேன். இப்போது அவள் சொன்னதையே எழுதினேன்: “மாரில் பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது. குடிக்கப் பிள்ளை இல்லை. ஆண்டவரே, இதை நான் என்ன செய்ய?”

ஐயர் அந்த இடத்தில் நின்றுவிட்டார். தாளைப் பார்த்தார். சபையைப் பார்த்தார். பிறகு மெல்ல வாசித்தார். வழக்கமாக வாசித்து முடிக்கும் முன்பே ஆமென் வந்துவிடும். அன்று வரவில்லை. எங்கேயோ பின்வரிசையில் ஒரு கிழவர்தான் முதலில் சொன்னார், அதன் பிறகு ஒவ்வொருவராக. ஆராதனை முடிந்ததும் ஐயர் என்னை உடைமாற்றும் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். அங்கியைக்கூடக் கழற்றவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இனிமே இந்த மாதிரி எழுதாதே டெய்சி.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “இல்ல. எழுது.”

செருப்பு

பொங்கலுக்கு முந்தின வாரம் ஞாயிற்றுக்கிழமை. கோயிலிலிருந்து வந்து கதவைத் திறந்தேன். அப்பா சுவரில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் கொஞ்சம் வீங்கியிருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்ததும் சிரித்தார்.

“வாராவாரம் என்னை வாசிக்கறாங்க போல?”

யார் சொன்னார்கள் என்று கேட்டேன். இந்த அறைக்கு வருகிறவர்கள் யாரும் எங்கள் சபைக்காரர்கள் இல்லை. அப்பாவுக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். வரவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக, நடுவில் இளைப்பாறி இளைப்பாறிச் சொன்னார்.

“யாரு சொல்லணும்? ஞாயித்துக்கெழமை மட்டும், செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி நீ என் நெஞ்சைப் பார்க்கறே.”

அடக்கப் பதிவேடு

புதன்கிழமை காலை அப்பா போய்விட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் காத்திருந்தேன். காத்துக்கொண்டே இருந்தேன்.

வியாழக்கிழமை ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். வெள்ளிக்கிழமை ஐயர் ஏதோ கூட்டத்துக்காக மெட்ராஸ் போக வேண்டியிருந்தது. போகும் முன், பதிவேட்டைத் தானே எழுதிவிட்டுப் போவதாகச் சொன்னார். வேண்டாம், அது என் வேலை என்றேன். ஐயரிடம் நான் எதையும் மறுத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. பெயர், வயது எழுதினேன். தொழில் என்ற இடத்தில் ‘சுரங்கத் தொழிலாளி’ என்று எழுதினேன். நோய் என்ற இடத்தில் ‘நெஞ்சில் கல்தூசி’ என்று எழுதினேன். டாக்டர் வேறு பெயர் சொல்லியிருந்தார். கடைசிக் கட்டத்தில் எழுதியவர் கையொப்பம். வழக்கம்போல் என் பெயரைப் போட்டேன். உறவு என்று எழுத அதில் கட்டம் இல்லை.

சட்டென்று பதிவேட்டை மூடிவிட்டேன். எதிரில் நின்ற ஆசீர்வாதம் பதறிப்போனார்.

“அய்யோ, மை காயலையேம்மா. தொறங்க, தொறங்க, ஒட்டிக்கும்.”

ஆமென்

சனிக்கிழமை வேலைக்கு வர வேண்டாம் என்று ஐயர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நானும் போகவில்லை. இதில் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத்தான் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு பெண்கள் பக்கத்தில் ஓரமாக உட்கார்ந்தேன். ஒயிட்ஃபீல்டிலிருந்து வேறொரு ஐயர் வந்திருந்தார். அவருக்கு எங்களில் யாரையும் தெரியாது. காக்கி உறையைப் பிரித்து, மேலே இருந்த சீட்டை எடுத்து, நல்ல கணீரென்ற குரலில் வாசித்தார். மூச்சுத் திணறலால் வருந்தும் தன் தகப்பனாருக்குச் சுகமும் பெலனும் கிடைக்கும்படி ஒரு சகோதரி ஜெபிக்கக் கேட்கிறாள்.

சபையார் ஆமென் என்றார்கள்.

எழுந்து நின்று, நிறுத்துங்கள், அவர் போய்விட்டார் என்று கத்த வேண்டும் போல இருந்தது. மடியிலிருந்த பாட்டுப் புத்தகத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். அப்போது கோபம் வந்தது. ஆசீர்வாதத்தின் மேல் இல்லை. பத்துப் பன்னிரண்டு வாரம் கேட்டும் கொடுக்காமல், எல்லாம் முடிந்த பிறகு இன்னொரு தடவையும் கேட்க வைத்தாரே, அவர் மேல். மனதுக்குள் ஆண்டவரிடம் சத்தம் போட்டேன். உமக்குக் கண் இல்லையா, எங்களைப் பார்த்தால் விளையாட்டாக இருக்கிறதா என்று கேட்டேன். பிறந்ததிலிருந்து அவரிடம் நான் குரலை உயர்த்தியதில்லை. மனிதர்களிடம் இருந்த கூச்சம் அவரிடமும் இருந்தது. அன்று அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் திட்டி முடித்த பிறகும் அவர் அங்கேயே இருந்தார் என்று தோன்றிற்று. அதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியாது.

வெளியே வந்ததும் ஆசீர்வாதம் கையைப் பிசைந்துகொண்டு ஓடிவந்தார். சீட்டை வாசித்தபோது நான் துடித்ததைப் பார்த்த பிறகுதான், அது என் அப்பா என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. “நீங்க சொல்லாம நான் எடுக்கக்கூடாதேம்மா, அதான் வெச்சிட்டேன்,” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பரவாயில்லை என்றேன். அவருக்குப் பின்னால் சலோமி அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவள் அடக்கத்துக்கு வரவில்லை. அன்று ஆஸ்பத்திரியில் லீவு கொடுக்கவில்லையாம். என்னை மேலும் கீழும் பார்த்தாள். வெள்ளைப் புடவையைப் பார்த்தாள்.

“அந்தப் பொண்ணு நீதானா?”

தலையசைத்தேன்.

“அடிப்பாவி! எதிர்லயே உக்காந்து எழுத வெச்சேனே, ஒரு வார்த்த சொன்னியா?” என்று என் தோளில் ஒரு அடி வைத்தாள். அப்புறம் அவள் முகம் மாறியது. உண்மையாகவே கவலைப்பட்டாள். “செத்துப் போனவருக்குன்னு தெரியாம இப்போ கொரலெடுத்து ஆமென் சொல்லிட்டேனே பாப்பா. அதத் திருப்பி எடுத்துக்கலாமா?”

சபை விதிகள் எல்லாம் எனக்குத் தெரியும். இதற்கு விதி இல்லை. “எடுத்துக்க முடியாதுன்னு நினைக்கிறேன், அக்கா,” என்றேன்.

சலோமி அக்கா என் கையைப் பிடித்து, அதில் எதையோ வைப்பது போல விரல்களை மடக்கினாள்.

“அப்போ அத நீ வெச்சுக்கோ. இனிமே வூட்ல தனியா இருக்கப்போறவ நீதானே.”

கஷ்டம் மனிதரை ஆண்டவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். என்னையும் சேர்த்திருக்கிறது. ஆனால் வழி நெடுகத் தகராறு செய்துகொண்டே வந்தவள் என்றுதான் அவர் என்னை ஞாபகம் வைத்திருப்பார்.